பஞ்சாபி மாணவர் வாயில் ‘ஹேவ்’ சிக்கும்போது: பிழையைப் பார்த்துத் திருத்தும் வழி

ஜலந்தரில் ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் வெளிநாடு செல்வதற்கான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போகிறவர்கள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். மதிப்பெண்ணுக்கான நான்கு அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று. முதல் சில நிமிடங்களில் குடும்பம், ஊர், வீடு, படிப்பு என்றுதான் கேட்பார்கள். அண்ணன் தம்பி இருக்கிறார்களா, ஊரில் என்ன இருக்கிறது, ஓய்வு நேரம் இருக்கிறதா? எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் ‘ஹேவ்’ வந்து நிற்கும். அங்கேதான் நல்ல மாணவர்களும் தடுமாறுகிறார்கள்.

பஞ்சாபி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரிலோ இணையத்திலோ இந்த வேலையைச் செய்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். நமக்கு ஒரு வசதி உண்டு. ‘ஹேவ்’ என்ற வினைச்சொல் பஞ்சாபியில் கிடையாது, தமிழிலும் கிடையாது. “என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது” என்கிறோம். அவர்கள் “மேரே கோல் ஸ்கூட்டர் ஹை” என்கிறார்கள். ‘கோல்’ என்றால் பக்கத்தில். நம் ‘என்னிடம்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘இடம்’ இருக்கிறது. இரண்டு மொழியிலும் பொருள் தானாக நம் பக்கத்தில் இருக்கிறது, நாம் அதை எதுவும் செய்வதில்லை. ஆங்கிலம் அப்படியில்லை. ‘ஹேவ்’ என்ற சொல்லின் வேர் பிடித்தல், பற்றுதல் என்ற பொருளில் தொடங்கியது. லத்தீனில் பிடிப்பதைக் குறிக்கும் ‘காபெரே’யும் அதே வேரில் வந்ததுதான். உடையவர் முன்னால் நின்று பொருளைக் கையால் பிடிக்கிறார். அந்தக் கை நீளுவதை மாணவர் மனதில் பதிய வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். தப்பான ஆங்கில வாக்கியம் காதில் விழுந்ததும் சரியானதைச் சொல்லிவிடாதீர்கள். “இதைப் பஞ்சாபியில் எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள். வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லைக் கவனியுங்கள். ‘மேரே கோல்’ வந்தால் கைப்பொருள். ‘கோல்’ இல்லாமல் ‘மேரே’ மட்டும் வந்தால் பெரும்பாலும் உறவு: “மேரே தோ பரா நே”, எனக்கு இரண்டு சகோதரர்கள். ‘மைனூ’ வந்தால் உடம்புக்கோ மனசுக்கோ நேர்வது: “மைனூ புக்கார் ஹை”, எனக்குக் காய்ச்சல். நம் ‘என்னிடம்’, ‘எனக்கு’ மாதிரிதான். ஆனால் உறவையும் காய்ச்சலையும் நாம் ஒரே ‘எனக்கு’வில் போட்டுவிடுகிறோம், அவர்கள் பிரித்து வைக்கிறார்கள். எந்த உருபு வருகிறது என்று தெரிந்தால் பிழை எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும்.

“ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்”

எல்லோரும் செய்யும் பிழை, நம் ஊரிலும்தான். பஞ்சாபி வாக்கியத்தில் ‘கொண்டிருக்கிறேன்’ என்ற தொடர்வினையே இல்லை. அப்படியிருக்க ‘ஹேவிங்’ எங்கிருந்து வந்தது? பள்ளியில் ‘ஹை’ என்றால் ‘இஸ், ஆம், ஆர்’ என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வாக்கியக் கடைசியில் ‘ஹை’யோ அதன் பன்மையான ‘நே’யோ வந்ததும் ‘ஆம்’ வாயில் வந்துவிடுகிறது. அப்புறம் உடைமையைச் சொல்லவேண்டுமே என்று ‘ஹேவ்’ நினைவுக்கு வருகிறது. ‘ஆம்’ முன்னாலேயே உட்கார்ந்துவிட்டதால் அதற்கு ‘இங்’ ஒட்டுகிறது. ஒரே ‘ஹை’யை இரண்டு முறை மொழிபெயர்த்தாகிவிட்டது.

இதற்கு “செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டிவ் வினைக்கு ‘இங்’ வராது” என்று விதி சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டுவார்கள், அடுத்த நிமிடமே திரும்ப வரும். தவிர, “வீ ஆர் ஹேவிங் லஞ்ச்” சரியான வாக்கியம்தானே, அதை எப்படி விளக்குவது?

வழி பஞ்சாபியிலேயே கிடைத்தது. சீக்கியர்கள் மரியாதையாக உபசரிக்கும்போது “சாஹ் ச்சக்கோ ஜி” என்பார்கள். குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் லங்கர் உணவையும் ச்சக்குவார்கள், பிரசாதத்தையும் ச்சக்குவார்கள். சாப்பிடுவதா, குடிப்பதா என்று அந்தச் சொல் பிரிப்பதில்லை. நாம் “காபி சாப்பிடுறீங்களா” என்று கேட்பதுபோல. ஆங்கிலத்தில் “ப்ளீஸ் ஹேவ் ஸம் டீ” என்னும்போது ‘ஹேவ்’ இதே வேலையைச் செய்கிறது. சரி, இதை வைத்து ஒரு சோதனை: ‘ஹேவ்’ இருக்கும் இடத்தில் ‘ச்சக்’ போட்டுப் பார். பொருந்தினால் ‘இங்’ தாராளமாக வரலாம். அண்ணனை ச்சக்க முடியுமா? முடியாது. அப்படியானால் “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” மட்டுமே. வகுப்பில் இதைச் சொன்ன அன்று கடைசி பெஞ்சில் ஒரு பெண் ஒவ்வொரு பொருளாக ச்சக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயில் ‘ஆம் ஹேவிங் எ மொபைல்’ வரவில்லை.

‘ஹேவிங் எ பார்ட்டி’, ‘ஹேவிங் எ பாத்’ மாதிரியானவற்றை இந்தச் சோதனை பிடிக்காது. அவை நடந்துகொண்டிருக்கும் காரியங்கள் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

“ஹி ஹேவ் டூ ஸ்கூட்டர்ஸ்”, “தே ஹேஸ் ஒன் ஸ்கூட்டர்”

இதை வெறும் கவனக்குறைவு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது தப்பு. ‘ஹி’க்கு ‘ஹேஸ்’ என்று நன்றாகத் தெரிந்த மாணவர்களே இப்படிச் சொல்கிறார்கள்.

பஞ்சாபியைக் கேளுங்கள்: “ஓஹ்தே கோல் தோ ஸ்கூட்டர் நே.” அவனிடம் இரண்டு ஸ்கூட்டர் இருக்கின்றன. வினை ‘நே’, பன்மை. அவன் ஒருவன்தானே? பஞ்சாபி வினை அவனைக் கண்டுகொள்ளாது, ஸ்கூட்டரைத்தான் எண்ணும். ஸ்கூட்டர் ஒன்றாக இருந்தால், உடையவர்கள் பத்துப் பேரானாலும் ‘ஹை’தான். ஸ்கூட்டர் இரண்டு என்றதும் மாணவர் மனம் பன்மைக்குப் போகிறது, ‘ஹேவ்’ வருகிறது. ஒன்று என்றதும் ‘ஹேஸ்’ வருகிறது. எழுத்துத் தமிழிலும் இதே இலக்கணம்தான். பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இருக்கு’ போட்டு நாம் தப்பித்துவிடுகிறோம். பஞ்சாபியில் பேச்சிலும் ‘ஹை’, ‘நே’ வேறுபாடு நிற்கிறது. அதனால்தான் இந்தப் பிழையை நம் பிள்ளைகளைவிட அவர்களிடம் அதிகம் பார்க்கிறேன்.

திருத்தும் முறை: பலகையில் வாக்கியத்தை எழுதி, வினைக்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளங்கையால் மூடிவிடுகிறேன். “ஹி...” மட்டும் தெரியும். அடுத்து என்ன? “ஹேஸ்.” கையை எடுத்தால் இரண்டு ஸ்கூட்டர் வெளியே வரும், ஆனால் ‘ஹேஸ்’ அப்படியே இருக்கும். கையை மறுபடி வைத்து, ‘ஹி’யை அழித்து ‘தே’ என்று எழுதுவேன். ஒரு வாரம் விடாமல் செய்யவேண்டும். கேட்கும்போது எளிதாக இருக்கும், பேச்சு வேகத்தில் பழைய பழக்கம் ஓடி வந்துவிடும்.

“ஆர் யூ ஹேவிங் பென்?”, “டஸ் ஹி ஹேஸ்?”, “ஐ டிட்நாட் ஹேட்”

பஞ்சாபிக் கேள்வியின் முன்னால் ‘கீ’ வரும்: “கீ துஹாடே கோல் பென் ஹை?” அந்த ‘கீ’ நிற்கும் நாற்காலியில் ‘டு’வை உட்கார வையுங்கள். “டு யூ ஹேவ் எ பென்?” ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். ‘கீ’ ஆளைப் பார்த்து மாறாது, ‘டு’ மாறும், அது ஒன்றுதான் வேறுபாடு. ‘அவன்’ வந்தால் ‘டஸ்’, நேற்று என்றால் ‘டிட்’. அந்த மாற்றத்தை முன்னால் போனவர் வாங்கிக்கொண்ட பிறகு ‘ஹேவ்’ வெறுங்கையோடு நிற்கும். ‘டஸ் ஹி ஹேஸ்’ என்றால் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டியதுபோல. இதற்குமேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

“இன் மை வில்லேஜ் ஹேவ் எ குருத்வாரா”

“மேரே பிண்ட் விச் இக் குர்துவாரா ஹை.” பிண்ட் என்றால் கிராமம், ‘விச்’ நம் ‘-இல்’. ‘ஹை’ என்ற ஒரே சொல் உடைமைக்கும் இருப்புக்கும் வருவதால் குழப்பம். ஓசையும் சேர்ந்து ஏமாற்றுகிறது: ‘ஹை’, ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. தொடக்க நிலை மாணவர் பலருக்கு ‘ஹேவ்’ என்பது ‘ஹை’யின் ஆங்கில உடுப்பு மாதிரி தோன்றுகிறது.

பஞ்சாபியில் ‘விச்’ கேட்டால் ஆங்கிலத்தில் ‘தேர் இஸ்’ அல்லது ‘தேர் ஆர்’. ‘கோல்’ கேட்டால் ‘ஹேவ்’. அவ்வளவுதான். “மை வில்லேஜ் ஹேஸ் எ குருத்வாரா” என்றும் சொல்லலாமே என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். சொல்லலாம், ஆனால் ‘இன்’ போய்விடவேண்டும். கிராமமே ஆளாகி, முன்னால் வந்து, தன் கையால் குருத்வாராவைப் பிடிக்கவேண்டும். ‘இன்’ ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது இடம்தான், அதற்குக் கை கிடையாது.

“ஐ ஹேவ் ஹங்கர்”, “ஐ ஆம் ஃபீவர்”

இரண்டும் எதிரெதிர் பிழைகள், வாய் ஒன்றுதான். பஞ்சாபியில் இரண்டுக்கும் ‘மைனூ’. “மைனூ புக் லக்கீ ஹை”, பசி எனக்கு வந்து பட்டிருக்கிறது. “மைனூ புக்கார் ஹை”, எனக்குக் காய்ச்சல். தமிழிலும் “எனக்குப் பசிக்கிறது”, “எனக்குக் காய்ச்சல்”. நமக்கும் அவர்களுக்கும் ஒரே உருபு. ஆங்கிலம் மட்டும் நடுவில் கோடு போடுகிறது: நோயைக் கையில் வைத்திருக்கலாம், பசியாக நீயே ஆகிவிடவேண்டும். பசி, தாகம், தூக்கம், கோபம் எல்லாம் ‘ஆம்’. காய்ச்சல், தலைவலி, இருமல் எல்லாம் ‘ஹேவ்’.

விதியைவிட இங்கே பருவகாலம் நன்றாகச் சொல்லித்தருகிறது. பஞ்சாப் ஜனவரி பனிமூட்டத்துக்குப் பேர்போனது. வகுப்புக்குள் வருகிறவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள், பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். “மைனூ டண்ட் லக்தீ ஹை” என்றால் குளிர்கிறது. “மைனூ ஜுக்காம் ஹை” என்றால் ஜலதோஷம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ‘கோல்ட்’. “ஐ ஆம் கோல்ட்” என்பவனுக்கு சால்வை வேண்டும். “ஐ ஹேவ் எ கோல்ட்” என்பவனுக்குக் கஷாயம் வேண்டும். நான் மேசைமேல் ஒரு சால்வையும் தைல டப்பாவும் வைத்துவிட்டு, வருகிறவர்கள் ஆங்கிலத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்பேன். தப்பாகக் கேட்டவருக்குத் தப்பான பொருள் கிடைக்கும். இந்தப் பாடத்தை யாரும் மறந்ததில்லை.

“ஐ ஹேட் கான் டு அமிர்தசரஸ் யெஸ்டர்டே”

இருப்பதிலேயே பிடிவாதமானது இது. நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் அதிகம் வரும், அவர்களுக்கு இது பிழை என்றே தெரியாது.

காரணம் ‘ஸீ’ என்ற குட்டிச் சொல். பஞ்சாபியில் ‘ஸீ’ என்றால் இருந்தது. “மேரே கோல் ஸ்கூட்டர் ஸீ” என்பதை “ஐ ஹேட் எ ஸ்கூட்டர்” என்று மொழிபெயர்க்கிறார்கள், முழுக்கச் சரி. ‘ஸீ’ என்றால் ‘ஹேட்’ என்று மனம் குறித்துவைத்துக்கொள்கிறது. இதே ‘ஸீ’ சாதாரண இறந்தகாலத்திலும் வரும்: “மைன் கல் அம்ரித்ஸர் கியா ஸீ.” நேற்று அமிர்தசரஸ் போனேன், வேறொன்றும் இல்லை. ஆனால் வாக்கியத்தில் ‘ஸீ’ கிடக்கிறதே, அதை விட்டுவிடலாமா? விடாமல் ‘ஹேட்’ போடுகிறார்கள். ‘கல்’ என்ற சொல்லையும் பாருங்கள், அது நேற்றுக்கும் வரும் நாளைக்கும் வரும், எந்த நாள் என்பதை வினைதான் காட்டவேண்டும். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ ஒரே பக்கம்தான் பார்க்கும். அது வந்துவிட்டால் ‘வென்ட்’ போதும். இதை மாணவரிடம் சொன்னால் முகம் தெளிவதைப் பார்க்கலாம். தன் மொழி தனக்கு நல்லதுதான் செய்தது, ஆங்கிலத்தில் அந்த உதவி தேவைப்படவில்லை என்று புரிகிறது.

அப்படியானால் ‘ஹேட் கான்’ எப்போது? அதற்கும் பஞ்சாபியில் அடையாளம் இருக்கிறது. நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது “கட்டீ ஜா சுக்கீ ஸீ”, வண்டி போய்விட்டிருந்தது. ‘சுக்கா’வோ ‘சுக்கீ’யோ ‘ஸீ’யோடு சேர்ந்து வந்தால் ‘ஹேட்’. ‘ஸீ’ தனியாக வந்தால் சாதாரண இறந்தகாலம். இந்தச் சோதனை எல்லா வாக்கியத்திலும் கைகொடுக்காது, ஆனால் பேச்சில் வருகிற பத்துப் பிழையில் எட்டையாவது நிறுத்திவிடும் என்பது என் அனுபவம்.

“ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” என்பதும் இதன் தம்பிதான். குறிப்பிட்ட நாள் வாக்கியத்தில் இருந்தால் ‘ஹேவ்’ வெளியே போகவேண்டும், “ஐ ஸா ஹிம் யெஸ்டர்டே.”

“ஐ ஆம் ஹேவ் டு கோ”, “ஐ ஹேவ் டு வென்ட்”

“மைனூ ஜாணா பைந்தா ஹை.” ‘ஜாணா’ என்றால் போவது. அந்த ‘ண’ நம் ‘ண’தான், வட இந்திய நண்பர்கள் பலர் திணறும் ஒலி இங்கே இயல்பாக வரும். ‘பைந்தா’ என்றால் விழுகிறது. போவது என்மேல் விழுகிறது, ஆகவே போயே ஆகவேண்டும். நாமும் “வேலை என் தலையில் விழுந்தது” என்கிறோமே, அதே உணர்வு. இறந்தகாலத்தில் “மைனூ ஜாணா பியா”, விழுந்தது. காலம் மாறும்போது மாறியது எது? விழுகிற சொல். ‘ஜாணா’ அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதே கணக்கு: ‘ஹேவ் டு’ தான் ‘ஹேட் டு’ ஆகும், ‘கோ’வைத் தொடக்கூடாது. ‘பைந்தா, பியா’ என்று ஒரு கையாலும் ‘ஹேவ் டு, ஹேட் டு’ என்று மறு கையாலும் தட்டிக் காட்டினால் போதும்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். இங்கே ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ மாதிரி ஒலிக்கும், ‘வ்’ தேய்ந்து ‘ஃப்’ ஆகிவிடும். கேட்டல் பயிற்சியில் மாணவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

“ஐ டைட் மை டர்பன்”

இங்கே ‘டைட்’ என்றால் சாயம் போட்டேன், கட்டினேன் அல்ல. ஒரு வேலையை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்வித்ததை ‘ஹேவ்’ வைத்துச் சொல்வதற்குப் பாடப்புத்தகங்களில் எடுத்துக்காட்டு எப்போதும் ஒன்றுதான்: “ஐ ஹேட் மை ஹேர் கட்.” முடி வெட்டிக்கொண்டேன். முதல் வருடம் நானும் யோசிக்காமல் அதையே பலகையில் எழுதிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஆறேழு பேர் தலைப்பாகை கட்டியவர்கள். கேசத்தை வெட்டாமல் காப்பது அவர்களுக்கு மதக் கடமை. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, எல்லோரும் அமைதியாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த அமைதி எனக்கு இன்றும் உறுத்துகிறது. அன்று மாலையே எடுத்துக்காட்டை மாற்றினேன்.

பஞ்சாபில் லலாரி என்று ஒரு தொழில் உண்டு, சாயம் போடுகிறவர். துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இந்த நிறம் வேண்டும் என்று காட்டினால், பெரிய பாத்திரத்தில் சாயம் கரைத்து முக்கி எடுத்துத் தருவார். துப்பட்டாவுக்கும் தலைப்பாகைத் துணிக்கும் அவரிடம்தான் போவார்கள். இதை பஞ்சாபியில் “மைன் பக் ரங்க்வாயீ” என்பார்கள். ‘பக்’ என்றால் தலைப்பாகை. நானே சாயம் போட்டால் ‘ரங்கீ’. லலாரியிடம் கொடுத்துப் போட்டால் ‘ரங்க்வாயீ’. நடுவில் ஒரு ‘வா’ நுழைகிறது, வேலை இன்னொருவர் கைக்கு மாறிவிடுகிறது. தமிழில் ‘செய்தேன், செய்வித்தேன்’ என்று நமக்கும் அந்த வித்தை உண்டு, பேச்சில் “சாயம் போடக் கொடுத்தேன்” என்று சுற்றிச் சொல்கிறோம். பஞ்சாபியில் அது வீட்டுப் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது: ‘பணாயா’ என்றால் செய்தேன், ‘பண்வாயா’ என்றால் ஆள் வைத்துச் செய்தேன்.

ஆங்கிலத்தில் வினைக்குள் ‘வா’ நுழைக்க முடியாது. அதனால்தான் மாணவர் “ஐ டைட் மை டர்பன்” என்கிறார், தானே சாயம் போட்டதாக அர்த்தமாகிவிடுகிறது. அந்த ‘வா’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ செய்கிறது. பொருள் நடுவில், வினை கடைசியில்: “ஐ ஹேட் மை டர்பன் டைட்.” பஞ்சாபியில் பொருள் முன்னால், வினை பின்னால் என்ற வரிசை ஏற்கெனவே பழக்கம் என்பதால், ‘ஐ ஹேட்’ என்று தொடங்கிவிட்டு மீதியைத் தங்கள் மொழி வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். ‘பக் ரங்க்வாயீ’, ‘டர்பன் டைட்’. சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

புது எடுத்துக்காட்டை எழுதிய அன்று, முன் வரிசைப் பையன் ஒருவன் தன் தலையைத் தொட்டுக் காட்டி, “ஸர் ஜி, ஐ ஹேட் திஸ் ஒன் டைட் லாஸ்ட் வீக்” என்றான். நல்ல மஞ்சள் நிறம். வகுப்பு முடியும்வரை மற்றவர்கள் ஒவ்வொருவராக யார் எந்த நிறம், எந்த லலாரி, எவ்வளவு கேட்டார் என்று ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.